சப்டோட்டல் பொத்தான் ஏன் மங்கிக் கிடக்கிறது? – ஒரு கணக்குத் தாளின் வரலாறு



இரண்டு ஆண்டுகளுக்கு முன், நம் பொதுக்குழுவுக்கு முதல் நாள் இரவு நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பராமரிப்புச் செலவு அறிக்கையைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான்தான். பத்து நிமிடத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. "இவ்வளவு செலவா?" என்றார் ஒருவர். "கார்பஸ் ஃபண்டில் கை வைத்துவிட்டார்களா?" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் வந்தவற்றை இங்கே எழுத வேண்டாம். அன்று இரவு நம் பொருளாளர் தூங்கவில்லை.

மறுநாள் காலை, பி பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நடைப்பயிற்சியின்போது என்னை நிறுத்தினார். "தம்பி, உங்க மொத்தத்தை ரெண்டால வகுத்துப் பாருங்க" என்றார். வகுத்துப் பார்த்தேன். சரியாக வந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் கீழே நானே ஒரு உபமொத்தம் போட்டிருந்தேன். கடைசியில் முழு நெடுவரிசையையும் கூட்டும்போது அந்த உபமொத்தங்களும் சேர்ந்துகொண்டன. ஏ பிளாக் 40,000, பி பிளாக் 35,000, சி பிளாக் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மொத்தம் 1,00,000. நான் கூட்டிய முறையில் 2,00,000. ஒரு ரூபாய்கூட எங்கும் போகவில்லை. ஆனால் சம்பளம் வாங்காமல் மூன்று ஆண்டுகள் உழைத்த பொருளாளர், அந்த ஆண்டோடு பொறுப்பை விட்டுவிட்டார். எவ்வளவோ கேட்டும் திரும்பி வரவில்லை.

இனி ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். எக்ஸெல்லில் 'ஃபார்மட் ஆஸ் டேபிள்' என்று ஒரு வசதி உண்டு. அதை அழுத்தியதும் கணக்கு வரிக்கு வரி நிறம் மாறி அழகாகிவிட்டது. கையால் உபமொத்தம் போட்டதுதானே வினை, இந்த முறை எக்ஸெல்லையே போடச் சொல்வோம் என்று 'டேட்டா' மெனுவில் உள்ள 'சப்டோட்டல்' பொத்தானுக்குப் போனேன். அது மங்கிக் கிடந்தது. அழுத்தினால் அசையவில்லை. கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

கணினியில் கோளாறு எதுவும் இல்லை. அட்டவணை ஆக்கிய பகுதியில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பது எக்ஸெல்லின் விதி. உபமொத்தம் போடுவதற்கென்றே உள்ள மென்பொருளில், அட்டவணைக்குள் உபமொத்தம் போட முடியாது என்று ஏன் ஒரு விதி? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போய்விட்டேன். உங்களையும் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

வெனிஸ் வணிகரின் மூன்று ஏடுகள்

1494-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் ஒரு கணித நூல் அச்சானது. எழுதியவர் லூக்கா பச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. நூலின் பெயர் 'சும்மா' என்று தொடங்கும். லத்தீன் மொழியில் அது தொகுப்பு, கூட்டுத்தொகை என்ற பொருள் தரும் சொல். நம் ஊர் 'சும்மா' இல்லை. அந்த நூலின் ஒரு பகுதியில், வெனிஸ் வணிகர்கள் கணக்கு எழுதும் முறையை அவர் விளக்கினார். இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் அதற்கு முன்பே அப்படித்தான் எழுதிவந்தார்கள். அந்த முறையை அச்சு நூலில் விரிவாகச் சொன்னதுதான் அவர் செய்த பெரிய வேலை.

அவர் சொன்ன முறையில் மூன்று ஏடுகள். முதலாவது நினைவேடு, கடையில் நடப்பதையெல்லாம் நடந்த வரிசையில் எழுதிவைப்பது. இரண்டாவது குறிப்பேடு, அதே நடவடிக்கைகளைப் பற்று, வரவு என்று ஒழுங்குபடுத்தி எழுதுவது. மூன்றாவது பேரேடு; ஆள்வாரியாக, பொருள்வாரியாகத் தொகுத்து, கூட்டிப் பார்ப்பது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். நடந்ததைப் பதியும் இடம் வேறு, தொகுத்துப் பார்க்கும் இடம் வேறு. மிளகு வாங்கியதும் விற்றதும் முதல் ஏட்டில் இருக்கும். மிளகில் கிடைத்த லாபம் எவ்வளவு என்பது பேரேட்டில் தெரியும். நம் பக்கத்துக் கணக்கர்களும் குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பேசுவார்கள்.

ஆனால் காகிதத்துக்கு ஒரு கட்டாயம் உண்டு. பக்கம் முடிந்துவிடும். முடிந்த இடத்தில் கூட்டி, அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்க மொத்தம்' என்று எழுதித்தான் தொடர வேண்டும். இப்படித் தொகை வரி, பதிவு வரிகளுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கையால் கூட்டுகிறவருக்கு இதில் சிக்கல் இல்லை. அடியில் கோடு போட்டு, சிவப்பு மையில் எழுதிய தொகையை யாரும் இன்னொரு முறை கூட்டமாட்டார்கள். எது பதிவு, எது தொகை என்று கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்துக்கு அந்தக் கண் கிடையாது. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரும்பலகையில் பிறந்த கட்டங்கள்

அடுத்த முக்கியமான காட்சி 1978-இல், அமெரிக்காவின் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் வகுப்பறையில். டான் பிரிக்லின் என்ற மாணவர் அங்கே மேலாண்மை படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் கட்டம் கட்டி எண்களை எழுதி விளக்குவது அங்கே வழக்கம். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். இந்தக் கட்டங்கள் தாமாகவே மாறிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்லினுக்குத் தோன்றியது.

அவரும் நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக விற்பனைக்கு வந்தது. 63 நெடுவரிசைகள், 254 வரிசைகள். அவ்வளவுதான் அதன் அளவு. ஆனாலும் அந்த மென்பொருளுக்காகவே ஆப்பிள் கணினி வாங்கியவர்கள் உண்டு. அதுவரை பொழுதுபோக்குச் சாதனமாகப் பலர் நினைத்த சிறு கணினி, அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தது.

விசிகால்க்கின் திரையைக் காகிதத்தின் நகல் என்றே சொல்லலாம். 'ஸ்ப்ரெட்ஷீட்' என்ற பெயரே, எதிரெதிர்ப் பக்கங்களில் விரித்துக் கணக்கு எழுதும் அகலத் தாளிலிருந்து வந்ததுதான். எந்தக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு கட்டத்தில் சொல், அடுத்ததில் எண், அதற்குக் கீழே வரிசையாகக் கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம். இந்தச் சுதந்திரம்தான் அதன் வெற்றி. அதன் ஆபத்தும் அதுவே. 'இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டம் வரை கூட்டு' என்றால் அது கூட்டும். நடுவில் இருப்பது பதிவா, ஏற்கனவே கூட்டிய தொகையா என்று கேட்காது. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்த குழி, இப்படி 1979-லேயே வெட்டப்பட்டது.

அட்டவணை என்ற வேறு குடும்பம்

இங்கே சற்று நின்று, இதே கதையின் இன்னொரு கிளையைப் பார்க்க வேண்டும். விசிகால்க்குக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1970-இல், ஐ.பி.எம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பெரிய அளவிலான தரவுகளை எப்படிச் சேமிப்பது என்பது அதன் பொருள். இன்று வங்கி, ரயில்வே முன்பதிவு போன்றவற்றின் பின்னால் இருக்கும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் வழி வந்தவை.

காட் சொன்ன அட்டவணைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஒரு நெடுவரிசையில் ஒரே வகைச் செய்திதான் இருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரே வகையான ஒரு பதிவு. வரிசைகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதற்குப் பொருள் கிடையாது. மேலே இருப்பதைக் கீழே போட்டாலும் அட்டவணை அதே அட்டவணைதான்.

இந்தக் கடைசி ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குடியிருப்பின் வசூல் பட்டியலை எடுத்துக்கொண்டால், 'பி-204, ஜூலை, 3,500' என்ற வரிசை எங்கே போனாலும் அதன் பொருள் மாறாது. ஆனால் 'பி பிளாக் மொத்தம்' என்ற வரிசையை எடுத்துச் சி பிளாக் வீடுகளுக்கு நடுவில் போட்டால்? படிக்கிறவர் குழம்பிப்போவார். உபமொத்தத்துக்குப் பொருள் கொடுப்பதே அது நிற்கும் இடம்தான். 'எனக்கு மேலே இருப்பவர்களின் கூட்டுத்தொகை நான்' என்று அது சொல்கிறது. மேலே இருப்பவர்கள் இடம் மாறினால் அதன் பேச்சு பொய்யாகிவிடும்.

ஆக, இரண்டு குடும்பங்கள். இடத்தை வைத்துப் பொருள் சொல்லும் காகிதக் குடும்பம் ஒன்று. இடத்தைப் பொருட்படுத்தாத அட்டவணைக் குடும்பம் மற்றொன்று. இவை இரண்டும் ஒரே வீட்டில் குடியேறியது 1983-இல். மிட்ச் கேபோரின் நிறுவனம் வெளியிட்ட, ஜோனதன் சாக்ஸ் எழுதிய 'லோட்டஸ் 1-2-3' அந்த ஆண்டு ஜனவரியில் வந்தது. பெயரில் உள்ள மூன்று எண்களும் மூன்று வேலைகள்: கணக்குத் தாள், வரைபடம், தரவுப் பட்டியல். முதல் வரிசையில் தலைப்புகள், கீழே பதிவுகள் என்று எழுதிவிட்டால், அந்தப் பட்டியலை வரிசைப்படுத்தலாம், தேடலாம். ஆனால் இரண்டும் ஒரே கட்டங்களில்தான் இருந்தன. பட்டியலுக்கு நடுவில் ஒரு மொத்தத்தை எழுதினால் யாரும் தடுக்கவில்லை.

அந்த எண் 9

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸெல் 1985-இல் முதலில் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. 1990-களில் அதில் உபமொத்தத்துக்கென்றே ஒரு கருவி சேர்ந்தது. பிளாக் வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலில் 'சப்டோட்டல்' கட்டளை கொடுத்தால், பிளாக் மாறும் ஒவ்வொரு இடத்திலும் அது தானே ஒரு வரிசையை நுழைத்துக் கூட்டுத்தொகையை எழுதும். இடது ஓரத்தில் 1, 2, 3 என்று சிறு பொத்தான்கள் வரும். 2-ஐ அழுத்தினால் வீட்டு விவரங்கள் சுருங்கி, பிளாக் மொத்தங்கள் மட்டும் நிற்கும்.

அது எழுதும் சூத்திரம் நாம் வழக்கமாகப் போடும் 'சம்' இல்லை. 'சப்டோட்டல்' என்ற தனிச் சூத்திரம். அதன் முதல் உறுப்பாக 9 என்ற எண் இருக்கும். ஏன் 9 என்று பலருக்குத் தோன்றியிருக்கும். சராசரி, எண்ணிக்கை, அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று பதினோரு வேலைகளை அந்தச் சூத்திரம் செய்யும். அந்தப் பதினோரு வேலைகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் 'சம்' ஒன்பதாவதாக வரும். வேறு மர்மம் எதுவும் இல்லை.

இந்தச் சூத்திரத்தின் உண்மையான சிறப்பு வேறு. தான் கூட்டும் எல்லைக்குள் இன்னொரு 'சப்டோட்டல்' இருந்தால், அதைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிப் போகும். சிவப்பு மையைப் பார்த்ததும் 'இது ஏற்கனவே கூட்டியது' என்று ஒதுக்கும் கணக்கரின் கண்ணை, ஒரு வழியாக இயந்திரத்துக்கும் கொடுத்தார்கள். அன்று இரவு நான் பிளாக் மொத்தங்களையும் கடைசி மொத்தத்தையும் 'சம்' என்பதற்குப் பதில் 'சப்டோட்டல் 9' என்று போட்டிருந்தால், அந்த 2,00,000 வந்திருக்கவே வந்திருக்காது.

இதன் கூடவே இன்னொரு வழியும் வளர்ந்தது. லோட்டஸ் நிறுவனம் 1991-இல் 'இம்ப்ரூவ்' என்ற மென்பொருளை நெக்ஸ்ட் கணினிக்காக வெளியிட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் பீட்டோ சலாஸ். தரவு ஓரிடம், அதைப் பார்க்கும் விதம் வேறிடம் என்று பிரிப்பதுதான் அதன் அடிப்படை. இம்ப்ரூவ் சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணம் 1993-இல் வந்த எக்ஸெல் 5-இல் 'பிவட் டேபிள்' என்ற பெயரில் இடம்பிடித்தது. மூலப் பட்டியலில் கை வைக்காமல், பக்கத்தில் தனியாக ஒரு சுருக்கம். பச்சோலியின் குறிப்பேடும் பேரேடும் மறுபடி பிரிந்து நின்றன என்று சொல்லலாம்.

2007-இல் வந்த விதி

இப்போது நம் மங்கிய பொத்தானுக்கு வருவோம். எக்ஸெல் 2003-இல் 'லிஸ்ட்' என்ற வசதியாகத் தொடங்கி, எக்ஸெல் 2007-இல் 'டேபிள்' என்று முழு வடிவம் பெற்றது இந்த அட்டவணை. அதே பதிப்பில்தான் தாளின் அளவும் 65,536 வரிசைகளிலிருந்து 10,48,576 வரிசைகளாகப் பெருகியது.

'ஃபார்மட் ஆஸ் டேபிள்' என்ற பெயரைப் பார்த்து, நிறம் பூசும் வசதி என்றுதான் நானும் நினைத்தேன். நிறம் அதில் மேல்பூச்சு. உள்ளே நடப்பது, 'இந்தப் பகுதி இனி அட்டவணைக் குடும்பத்தைச் சேர்ந்தது' என்ற அறிவிப்பு. அதன் பிறகு எல்லைக்கு அடியில் புதிய வரிசை எழுதினால் அட்டவணை தானே வளரும். நெடுவரிசைகளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம், வடிகட்டலாம். இத்தனையும் நடக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிசையும் பதிவாக மட்டும் இருக்க வேண்டும். நடுவில் 'பி பிளாக் மொத்தம்' என்று ஒன்று நுழைந்தால், அடுத்த முறை யாராவது தேதிவாரியாக வரிசைப்படுத்தும்போது அது எங்கேயோ போய் நிற்கும். வடிகட்டினால் வரக்கூடாத இடத்தில் வரும். இப்படிப் பார்த்தால், பொத்தானை மங்கச் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

அதற்கு ஈடாக அட்டவணைக்கு ஒரே ஒரு தொகை வரியை அனுமதித்தார்கள். அது அடியில், பதிவுகளுக்கு வெளியே நிற்கும் 'டோட்டல் ரோ'. அதைச் சொடுக்கிப் பார்த்தால் 'சப்டோட்டல்' சூத்திரமே உள்ளே இருக்கும். எண் மட்டும் 109. வடிகட்டியில் மறைந்த வரிசைகளை 9-உம் விட்டுவிடும், 109-உம் விட்டுவிடும். நாமே கையால் மறைத்த வரிசைகளை 9 சேர்த்துக் கூட்டும்; 109 அவற்றையும் விட்டுவிடும். ஆகவே அட்டவணையில் 'பி பிளாக்' என்று வடிகட்டினால், அடியில் இருக்கும் மொத்தம் அந்தக் கணமே பி பிளாக்கின் உபமொத்தமாக மாறிவிடும். நடுவில் வரிசை நுழைக்கத் தேவையே இல்லை.

எல்லை தவறினால் என்ன ஆகும்?

"ஒரு கூட்டல் பிழைக்கு இத்தனை வரலாறா?" என்று நீங்கள் கேட்கலாம். நம்மைவிடப் பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது.

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளாதார அறிஞர்கள், நாடுகளின் கடனும் வளர்ச்சியும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் பலரும் அதை மேற்கோள் காட்டினார்கள்.

2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களின் எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரத்தின் எல்லை ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டது தெரிந்தது. 20 நாடுகளில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. ஹெர்ண்டனும் அவரது பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் போட்ட கணக்கில் அந்தச் சராசரி 2.2 சதவீதம். இந்த வேறுபாடு முழுவதும் எக்ஸெல் பிழையால் வந்ததில்லை. சில ஆண்டுகளின் தரவை விட்டதும், சராசரிக்கு எடை கொடுத்த முறையும்தான் பெரும்பங்கு. எக்ஸெல் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவின் சாரம் மாறவில்லை என்றும் சொன்னார்கள்.

நான் செய்தது இரண்டு முறை கூட்டியது. அவர்கள் செய்தது ஐந்தைக் கூட்டாமல் விட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. கூட்டல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கையால் குறித்த எல்லையை நம்பி இருந்தது. அந்தப் பிழைகள் வெளியே வந்ததும் ஒரே வழியில்தான்: கோப்பு இன்னொருவர் கைக்குப் போனது, அவர் கூட்டிப் பார்த்தார்.

நம் கணக்கில் எப்படிச் செய்கிறோம்?

உங்கள் வீட்டுச் செலவுக்கோ, பிளாக் அளவிலான நவராத்திரி வசூலுக்கோ நீங்களும் இதைப் பின்பற்றலாம். நம் சங்கக் கணக்கில் இப்போது செய்வது இதுதான்.

ஒன்று, ஒரே ஒரு பட்டியல். தேதி, பிளாக், வீட்டு எண், தலைப்பு, தொகை என்று நெடுவரிசைகள். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி, செக்யூரிட்டி சம்பளம் எல்லாம் 'தலைப்பு' நெடுவரிசைக்குள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் கிடையாது. நடுவில் காலி வரிசை கிடையாது. மொத்தம் என்று எந்த வரிசையும் கிடையாது.

இரண்டு, பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது அட்டவணையாகும். 'டேபிள் டிசைன்' பகுதியில் 'டோட்டல் ரோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடியில் மொத்தம் வரும். பிளாக்கையோ தலைப்பையோ வடிகட்டினால் மொத்தமும் கூடவே மாறும்.

மூன்று, எல்லா பிளாக்குகளின் தொகையையும் ஒரே பார்வையில் பார்க்க, தனித் தாளில் ஒரு பிவட் டேபிள். மூலப் பட்டியலில் புதிய பதிவு சேர்ந்தால் பிவட் தானாக மாறாது. 'ரிஃப்ரெஷ்' கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, "போன வாரம் கட்டினேனே, ஏன் காட்டவில்லை?" என்று கேட்டவர்களுக்கு என் மன்னிப்பு.

நான்கு, அறிவிப்புப் பலகையில் ஒட்ட, பழைய பாணியில் பிளாக் முடிவில் உபமொத்தத்தோடு அச்சுப் பிரதி வேண்டுமென்றால், மூலக் கோப்பைத் தொடுவதில்லை. ஒரு நகல் எடுத்து, பிளாக் வாரியாக வரிசைப்படுத்தி, 'கன்வெர்ட் டு ரேஞ்ச்' கொடுத்து அட்டவணையைச் சாதாரணப் பகுதியாக மாற்றுகிறோம். நிறம் அப்படியே இருக்கும். அட்டவணை குணம் மட்டும் போய்விடும். அதன் பிறகு 'சப்டோட்டல்' பொத்தான் விழித்துக்கொள்ளும். முதலில் வரிசைப்படுத்த மறந்தால் ஒரே பிளாக்குக்குப் பல உபமொத்தங்கள் வரும், கவனம். அச்சடித்ததும் அந்த நகலின் வேலை முடிந்தது.

லிப்ரே ஆஃபிஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, அதன் கால்க் மென்பொருளின் 'டேட்டா' மெனுவிலும் 'சப்டோட்டல்ஸ்' இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் 'சப்டோட்டல்' சூத்திரமும் பிவட் டேபிளும் உண்டு.

இந்தக் காலாண்டின் வரவுசெலவுப் பட்டியலை, மூலப் பட்டியலாகவே, படிக்க மட்டும் அனுமதியோடு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருக்கிறோம். உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்துத் திறந்து, உங்கள் பிளாக்கை வடிகட்டுங்கள். அடியில் இருக்கும் எண்ணைப் பிவட் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், குழுவில் எழுதுவதற்கு முன் என் கதவைத் தட்டுங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்தி, திருத்தியதையும் குழுவில் சொல்வோம்.

புதிய பொருளாளர் பொறுப்பேற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. பழைய பொருளாளரும் நம் குடியிருப்பில்தான் இருக்கிறார். போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது, "இப்பல்லாம் மொத்தம் ஒரு தடவைதான் வருதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த பொதுக்குழுவில் கணக்கைச் சரிபார்க்கும் இருவரில் ஒருவராக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், பி பிளாக்கின் அந்த ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி.

அன்புடன்,
உங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவர்